ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்து என்ன? வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தம் வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பதாக அண்மையில் கேள்விப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாய் தந்தையர் மட்டுமல்லாமல், பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் ஆயா, அத்தை, மாமா, பக்கத்து வீட்டு அக்கா, அங்கன்வாடி ஆசிரியர் ஆகியோரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். என் மகளுக்கு இப்போது 13 வயது. அவளுடைய மூன்றரை வயதில் ஒரு மருத்துவமனையில் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, "வாரம் ரெண்டு நாள் தெரபிக்குக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த சொல்லுக்கு என்ன பொருள், இரவு வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும், மாமியாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் விளக்கவில்லை. அன்று எனக்குத் தேவைப்பட்டதை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

இந்த வரிசையை நான் யோசித்துத்தான் அமைத்திருக்கிறேன். பெரும்பாலான குடும்பங்கள் செய்தி தெரிந்த மறுநாளே பிள்ளையை மாற்றப் புறப்பட்டுவிடுகின்றன. நாங்களும் அப்படித்தான் புறப்பட்டோம், இரண்டு ஆண்டுகளை வீணாக்கினோம். முதலில் நம் புரிதல் மாற வேண்டும், அடுத்து வீடும் தெருவும் மாற வேண்டும், பயிற்சியும் சிகிச்சையும் அதற்குப் பிறகு வர வேண்டும் என்பதே பத்தாண்டு அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு.

முதல் படி: பெயரைப் புரிந்துகொள்ளுங்கள்

அரசுப் படிவங்களில் இதைப் "புற உலகச் சிந்தனையற்ற நிலை" என்று எழுதுகிறார்கள். பத்திரிகைகளில் "மதியிறுக்கம்" என்றும் "மன இறுக்கம்" என்றும் வரும். இந்தப் பெயர்கள் எனக்கு ஏற்புடையவை அல்ல. என் மகளைப் போலப் புற உலகைக் கவனிக்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. மெட்ரோ தண்ணீர் லாரி மூன்று தெரு தள்ளித் திரும்பும்போதே அவளுக்குக் கேட்டுவிடும். எங்களில் ஒருவரும் எழுந்திருக்கும் முன் குடத்தை எடுத்து வாசலில் வைத்துவிடுவாள். அவளுக்குள் புற உலகம் நுழையாமல் இல்லை, அளவுக்கு மேல் நுழைகிறது. ஆகவே நான் "ஆட்டிசம்" என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். படிவம் நிரப்பும்போது மட்டும் அரசு என்ன எழுதுகிறதோ அதையே எழுதுங்கள்.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் தொடக்கத்திலிருந்தே அமைந்த ஒரு வேறுபாடு. மற்றவர்களோடு பேசிப் பழகும் முறை, ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை உணரும் அளவு, ஒழுங்கு மாறாமல் இருக்க வேண்டும் என்ற தேவை, பிடித்த ஒன்றில் ஆழ்ந்துபோகும் இயல்பு ஆகியவற்றில் அது வெளிப்படும். இது தொற்றிக்கொள்கிற நோயோ, வந்து போகிற காய்ச்சலோ அல்ல. உலக சுகாதார அமைப்பின் கணிப்புப்படி 2021-இல் ஏறக்குறைய 127 பேரில் ஒருவர் ஆட்டிச இயல்புடையவர். ஒரு மாநகராட்சிப் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் 500 பிள்ளைகள் நின்றால் அவர்களில் சுமார் நான்கு பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது.

"யாரால் வந்தது?" என்ற கேள்வி முதல் வாரத்திலேயே எழும், பெரும்பாலும் தாயை நோக்கி எழும். என்னிடம் கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கேட்டார்கள், செல்போனைக் கொடுத்து வளர்த்தாய் என்றார்கள். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இதே தவறைச் செய்தது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கான்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து ஆட்டிசம் தனி நிலையாக அறியப்பட்டது. அதன் பிறகு ஏறக்குறைய 20 ஆண்டுகள், அன்பில்லாத குளிர்ந்த தாய்மார்களால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்ற கருத்து மேலைநாடுகளில் கோலோச்சியது. ஆட்டிச மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு 1964-இல் அதை மறுத்து எழுதினார். 1977-இல் பிரிட்டனில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைக் காட்டினார்கள். தடுப்பூசியால் வருகிறது என்று கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே இளைய பிள்ளைக்கு அங்கன்வாடியில் போடும் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள். யாராவது உங்கள் மேல் பழி சொன்னால், இந்த ஆண்டுகளைச் சொல்லி வாயடைக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

1990-களில் ஆட்டிச இயல்புடைய பெரியவர்கள் தாங்களே எழுதவும் பேசவும் தொடங்கினார்கள். 1993-இல் கனடாவின் டொராண்டோ நகர மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் என்பவர் பெற்றோர்களை நோக்கி, உங்கள் பிள்ளைக்குள் ஆட்டிசம் இல்லாத இன்னொரு பிள்ளை ஒளிந்துகொண்டிருக்கவில்லை, ஆகவே எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்ற கருத்தை எடுத்துரைத்தார். மனிதர்களின் நிறம், உயரம், குரல் வேறுபடுவதுபோல மூளையின் அமைப்பும் வேறுபடுகிறது, அந்த வேறுபாடு மனித இனத்துக்கு இயல்பானது என்ற இந்தப் பார்வையை நரம்பியல் பன்மை என்கிறோம். 1998-இல் ஆஸ்திரேலிய சமூகவியலாளர் ஜூடி சிங்கர் தம் ஆய்வேட்டில் அதற்கான ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார். கவனச் சிதறலும் துறுதுறுப்பும் உள்ளவர்கள், எழுத்துகளை வாசிப்பதில் சிரமப்படுபவர்கள் போன்றோரும் இந்தப் பன்மைக்குள் அடங்குவர். என் அப்பா இடதுகைக்காரர். பள்ளியில் அந்தக் கையில் அடித்து அடித்து வலது கையால் எழுதவைத்தார்கள். சாகும்வரை அவருடைய கையெழுத்து நடுங்கியே இருந்தது. நம் பிள்ளைகளின் விஷயத்தில் நாம் அந்த வாத்தியாராக இருந்துவிடக் கூடாது.

இயல்பான வேறுபாடு என்று சொன்னால் உதவி தேவையில்லை என்று சிலர் பொருள் கொள்கிறார்கள், அது தவறு. சில பிள்ளைகளுக்கு வலிப்பு இருக்கும், தூக்கம் வராது, வயிற்றுக் கோளாறு இருக்கும், அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கும். இவற்றுக்கு மருத்துவம் வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு. அவர்களையும் சேர்த்துத்தான் இயல்பு என்கிறேன். "லேசான ஆட்டிசமா, கடுமையான ஆட்டிசமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். கோயில் திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர் முன்னால் இருக்கும் மிக்ஸரை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு திருகு மேலே இருக்கும், இன்னொன்று அடியில் இருக்கும், ஒவ்வொன்றும் தனித்தனி. என் மகளுக்குச் செவிப்புலன் உச்சத்தில் இருக்கிறது, எண்களின் நினைவு உச்சத்தில் இருக்கிறது, பேச்சு நடுவில் இருக்கிறது, சட்டைப் பொத்தான் போடும் விரல் திறன் அடியில் இருக்கிறது. இதை ஒரே சொல்லில் லேசு என்றோ கடுமை என்றோ எப்படிச் சொல்வது?

இரண்டாம் படி: இரண்டு வாரம் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளை அலறும்போதும், அடிக்கும்போதும், ஓடும்போதும், அதேபோல் மிக அமைதியாக இருக்கும்போதும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடம், எந்த நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு எது அமைதிப்படுத்தியது. காரணத்தை எழுதாதீர்கள். "பிடிவாதம்" என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் எதையும் பார்க்கமாட்டீர்கள்.

இதன் பயனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை வாசலுக்குப் போனாலே என் மகள் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். கூட்டம் பிடிக்கவில்லை என்றே நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தபோது, அதைவிட நெரிசலான கடைகளில் அவள் பேசாமல் நின்றிருக்கிறாள் என்பது தெரிந்தது. நான்காம் முறை போனபோது கடைக்கு இருபதடி முன்பே நின்று கவனித்தேன். வாசலில் ஒரு பையன், போகிறவர் வருகிறவர் முகத்துக்கு நேரே பளீர் பளீர் என்று கைதட்டி, "வாம்மா வாம்மா, உள்ள வந்து பாரும்மா" என்று கூவிக்கொண்டிருந்தான். கூச்சல் அவளைத் தொடவில்லை. எப்போது விழும் என்று தெரியாத அந்தக் கைதட்டல்தான் ஒவ்வொரு முறையும் அவளைத் தரையில் தள்ளியிருக்கிறது. நான் போய்த் தம்பியிடம் சொன்னேன். "அதுக்கின்னாக்கா, பாப்பா வரும்போது தட்டமாட்டேன்" என்றான். அன்று அவள் உள்ளே வந்து, தானே ஒரு பாவாடையைத் தேர்ந்தெடுத்தாள்.

பிடிவாத அழுகையையும் நிலைகுலைவையும் பிரித்தறியப் பழகுங்கள். பொருளுக்காக அழும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று கவனிக்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். ஒலியாலோ ஒளியாலோ திடீர் மாற்றத்தாலோ நிலைகுலைந்த பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் உடனே நிற்காது, ஏனெனில் நிறுத்துவது அதன் கையில் இல்லை. அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், அதட்டாதீர்கள், அடிக்கவே அடிக்காதீர்கள். சுற்றி நிற்பவர்களை விலகச் சொல்லி, வெளிச்சத்தைக் குறைத்து, தலை எங்கும் மோதாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். கைகளை உதறுவதும், முன்னும் பின்னும் ஆடுவதும், ஒரே ஒலியை எழுப்புவதும் பிள்ளை தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும் வழிகள். யாருக்கும் காயம் நேராதவரை அவற்றைத் தடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: இடத்தை மாற்றுங்கள்

நம் பகுதியில் தனி அறை உள்ள வீடு அரிது. ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் படுப்போம். ஆனாலும் ஒரு மூலையைக் கொடுக்க முடியும். கட்டிலின் ஒரு பக்கத்தில் கெட்டியான போர்வையைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு தலையணை போட்டால் அதுவே அறை. அதற்குள் பிள்ளை இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக ஆக்குங்கள். புதுச் சட்டையின் கழுத்துப் பட்டியைக் கத்தரித்துவிடுங்கள். கருவாடு வறுக்கும் நாளில் அதற்கு முன்பே பிள்ளையை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். சாம்பாரையும் சோற்றையும் பிசையாமல் தனித்தனியாகக் கேட்டால் அப்படியே வையுங்கள். அதை ஒழுக்கப் பிரச்சினையாக ஆக்குவதில் ஒரு பயனும் இல்லை.

நம் தெருவின் ஒலி பெரிய பிரச்சினை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள், ஆடி மாதம் முழுவதும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, சாவு ஊர்வலத்தில் மேளமும் வெடியும். இவற்றில் எதையும் நான் குறை சொல்ல வரவில்லை. இவை நம் மக்களின் வாழ்வும் சாவும். ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும். ஆடியில் எந்த ஞாயிறு கூழ் ஊற்றுகிறார்கள் என்று கேட்டு, தினசரி காலண்டரில் குறித்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். ஒலிபெருக்கிக் குழாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், இரண்டு ஆண்டுகளாகத் திருப்பித்தான் கட்டுகிறார்கள். பாரிமுனையில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் காதுமூடி ஒன்றை வாங்கி வீட்டிலும் பையிலும் எப்போதும் வைத்திருங்கள். அதை நாள் முழுக்க மாட்டிவிடாமல், தேவைப்படும்போது பிள்ளையே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி பழக்குங்கள்.

நாளின் ஒழுங்கைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் போதும்: பல் துலக்குவது, இட்லி, பள்ளி வேன், குளியல், உறக்கம். வழக்கம் மாறுகிற நாளில் அந்தப் படத்தை முதல் நாள் இரவே பிள்ளையின் கண்ணெதிரில் எடுத்து மாற்றுப் படத்தை வையுங்கள். விருந்தாளி வரப்போகிறார் என்பதை வாயால் பத்து முறை சொல்வதைவிட இது பலன் தருகிறது.

நான்காம் படி: பிள்ளையின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

என் மகள் ஐந்து வயதுவரை "அம்மா" என்று கூப்பிடவில்லை. ஆனால் கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்து அறிவிப்பை அதே குரலில் சொல்வாள்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." அர்த்தமில்லாமல் கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறாள், நிறுத்த வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். நாங்களும் நிறுத்தப் பார்த்தோம். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் அதையே சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: எல்லோரையும் தன் பக்கம் திரும்பவைக்க அவளுக்குத் தெரிந்த வாக்கியம் அது. துறைமுகத்து வேலை முடிந்து அவள் அப்பா வரும்போதும், பசிக்கும்போதும், பயம் வரும்போதும் அதைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நாங்கள்தான் இரண்டு ஆண்டுகளாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 2021-இல் விம்கோ நகர்வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, வெளியே கூட்டிக்கொண்டு போ என்பதற்கு "கதவுகள் இடது பக்கம் திறக்கும்" என்பாள். தண்டையார்பேட்டைக்கும் புது வண்ணாரப்பேட்டைக்கும் இடையில் ரயில் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் அந்த இடத்தைப் பார்ப்பதற்காகவே போவோம்.

எனவே, கேட்டதையே திருப்பிச் சொல்லும் பிள்ளையை அடக்காதீர்கள். எந்த வாக்கியம் எந்தச் சூழலில் வருகிறது என்பதை அதே நோட்டில் எழுதி, அதற்குரிய பதிலை உடனே கொடுங்கள். பேச்சே வராத பிள்ளைக்குப் படங்களைக் கையில் கொடுங்கள். படம் காட்டப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்பது வீண் பயம். தன் தேவையைத் தெரிவிக்க ஒரு வழி கிடைத்த பிள்ளையின் பதற்றம் குறைகிறது. சென்னையிலேயே உருவான ஆவாஸ் என்ற செயலியில், படத்தைத் தொட்டால் அது தமிழில் பேசும். அது முடியாதவர்கள் தண்ணீர், சோறு, கழிப்பறை, வலி, வேண்டாம், போதும் என்ற ஆறு படங்களை அட்டையில் வரைந்து தொடங்கலாம். "வேண்டாம்" என்ற படம் கட்டாயம் இருக்க வேண்டும். அதைக் காட்டினால் நாம் கேட்கவும் வேண்டும்.

நம் பேச்சையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். "உயிரை வாங்காதே" என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். அன்று இரவெல்லாம் அவள் என் மூக்கருகில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் இரு" என்றால் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. "பெரிய முள் ஆறுக்கு வரும்வரை இரு" என்றால் இருப்பாள். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லி, மனத்துக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். கண்ணைப் பார்த்துப் பேசும்படி முகவாயைப் பிடித்துத் திருப்பாதீர்கள். பார்க்காதபோதுதான் நன்றாகக் கேட்க முடிகிறது என்று ஆட்டிச இயல்புடைய பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு மற்றவர் மனம் புரியாது என்று புத்தகங்களில் எழுதியிருப்பதைப் படித்து நான் நெடுநாள் கலங்கியிருக்கிறேன். 2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆட்டிச இயல்புடைய பிரிட்டிஷ் ஆய்வாளர், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அதை ஒரு பக்கத்தின் குறையாக மட்டும் எழுதுவது நியாயமல்ல என்று வாதிட்டார். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிச இயல்புடையோர் ஒருவருக்கொருவர் செய்தியைக் கடத்தும்போது மற்றவர்களைப் போலவே திருத்தமாகக் கடத்தினார்கள். இரு வகையினரும் கலந்த வரிசைகளில்தான் செய்தி அதிகம் சிதைந்தது. ரயில் அறிவிப்பின் பொருள் புரியாமல் இருந்தது எனக்கா அவளுக்கா என்று யோசித்தபோது, மில்டன் சொன்னது சரி என்றே பட்டது.

ஐந்தாம் படி: மருத்துவமனையும் சான்றிதழும்

ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் நமக்கு அருகில் உள்ளவை. குழந்தைகள் பிரிவில் தொடங்கி, முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். தூரம் பார்க்காவிட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. இந்தியாவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீடு 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலின்படி நடக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழ் இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள். பிள்ளை நன்றாக இருக்கும் ஒரு நாளின் நடத்தையை மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டுவிடாமல் இருக்க, உங்கள் நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். எங்களுக்கு முதல் முறை, "பொண்ணு நல்லாத்தானே உட்கார்ந்திருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடித்துத் தங்கள் சிரமத்தை மறைப்பதால், அவர்களை அடையாளம் காண்பது தாமதமாகிறது.

இயல்பு என்று சொல்லிவிட்டு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குவது முரண்பாடு ஆகாதா என்று என் நாத்தனார் கேட்டார். ஆகாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒருவருடைய குறைபாடு சமூகத்திலுள்ள தடைகளோடு மோதும்போதுதான் அவருடைய பங்கேற்பு தடைபடுகிறது என்றே வரையறுக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 2016-இல் 21 வகைகளாக விரித்தபோதுதான் சேர்ந்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான சலுகைகள் பொருந்தும். தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம்; இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் காப்பு உண்டு. எல்லாக் காகிதங்களையும் மூன்று நகல் எடுத்து ஒரே பையில் வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: பள்ளி

6 வயது முதல் 18 வயது வரை, 40 விழுக்காடு சான்றுள்ள பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. எங்கள் மகளை ஒரு தனியார் பள்ளி, "மத்த பிள்ளைங்க பெற்றோர் ஒத்துக்கமாட்டாங்க" என்று சொல்லிச் சேர்க்க மறுத்தது. அன்று சட்டம் தெரியாமல் அழுதுகொண்டே திரும்பினேன். மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பாதி இடங்களில் பேச்சு அத்துடன் மாறிவிடும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர் எந்த நாளில் எந்தப் பள்ளிக்கு வருகிறார் என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: பிள்ளைக்கு எது பிடிக்கும், எது பயமுறுத்தும், நிலைகுலைந்தால் என்ன செய்ய வேண்டும். மணியடிக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கை கேளுங்கள். பொதுத்தேர்வில் எழுதுபவரின் உதவியும் கூடுதல் நேரமும் உண்டு; மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம். அதற்கான விண்ணப்பத்தைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: விலக வேண்டிய இடங்கள்

"ஆறு மாதத்தில் குணப்படுத்துகிறோம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இல் தெரிவித்தது. அதற்காக நகையை அடகு வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று ஊசி போடுவது ஆபத்தானது. பேச்சுப் பயிற்சி, கை வேலைப் பயிற்சி ஆகியவை நல்லவை. ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு பெற்றோரை வெளியே உட்காரவைக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். மணி மணியாக உட்காரவைத்து, கை உதறுவதை நிறுத்தினால்தான் மிட்டாய் என்ற முறையில் பழக்குவதை, அப்படிப் பழக்கப்பட்டு வளர்ந்த ஆட்டிச இயல்புடைய பெரியவர்கள் பலர் கண்டித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதற்கு நான் மற்ற எவருடைய சொல்லையும்விட அதிக எடை தருகிறேன்.

எட்டாம் படி: காணாமல் போகாமல் காத்தல்

இதை இன்றே செய்யுங்கள். ஆட்டிச இயல்புடைய பிள்ளைகளில் பலர் சொல்லாமல் நடந்து போய்விடுவார்கள், அவர்களில் பலரைத் தண்ணீர் ஈர்க்கும். நம் பகுதியில் ஒரு பக்கம் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை பாறை கொட்டிய கடற்கரை, இன்னொரு பக்கம் ரயில் பாதை, நடுவே லாரிகள். கதவின் மேல் பகுதியில் இரண்டாவது தாழ்ப்பாள் போடுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் உள்ளேயிருந்து உடனே திறக்கக் கூடியதாக அது இருக்க வேண்டும். பிள்ளையின் சட்டைக்குள் பெயரையும் இரண்டு தொலைபேசி எண்களையும் தைத்துவிடுங்கள். மளிகைக் கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்தில் நிற்பவர்கள், மீன் விற்கும் ஆயா, காவல் நிலையம் ஆகிய எல்லோருக்கும் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். எங்கள் மகள் ஏழு வயதில் ஒருநாள் கடலைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவளை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து இழுக்காமல், அவளோடு பேசாமல் கூடவே நடந்து வந்து வீட்டில் விட்டார். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம் ஆளை அனுப்பிவிட்டு 112-க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. முடிந்தால் நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

ஒன்பதாம் படி: நோட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள்

18 வயதுக்குப் பிறகு யார் முடிவெடுப்பது என்ற கேள்வி வரும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு வழியாகப் பாதுகாவலர் நியமனம் பெறலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, சம்பந்தப்பட்டவரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலரைப் பற்றிப் பேசுகிறது. எந்த வழியில் போனாலும், சிறு வயதிலிருந்தே தானாகத் தேர்ந்தெடுத்துப் பழகாத பிள்ளைக்கு அன்று திடீரென்று அது வந்துவிடாது. எந்தச் சட்டை, எந்தப் பலகாரம், கல்யாணத்துக்கு வருகிறாயா இல்லையா என்று இன்றே கேட்கத் தொடங்குங்கள்.

போன ஆண்டு எங்கள் தெருவில் ஒரு சாவு. ஊர்வலம் போகும்போது அவள் கத்தவில்லை, கட்டிலுக்கு அடியில் போகவில்லை, சன்னலருகில் அசையாமல் நின்றாள். அன்று இரவு நோட்டில், "இன்று நல்ல நாள், அழவில்லை" என்று மகிழ்ச்சியோடு எழுதிவைத்தேன். மறுநாள் காலையில் அதன் கீழே அவளுடைய கோணல் எழுத்தில் இருந்தது: "வெடி பதினாலு. காது வலி. நல்ல நாள் இல்ல." அதற்குப் பிறகு அவளைக் கேட்காமல் அந்த நோட்டில் நான் எதையும் எழுதுவதில்லை. எழுதத் தெரியாத பிள்ளையாக இருந்தால், இரவு படுக்கும் முன் காலண்டர் தாளையும் இரண்டு வண்ணப் பென்சில்களையும் அதன் முன் வைத்து, பச்சையா சிவப்பா என்று கேளுங்கள். முதல் சில வாரங்கள் இரண்டையும் எடுத்து வாயில் வைக்கலாம். எடுத்துக் கழுவிவிட்டு மறுநாளும் வையுங்கள்.